முறைப் பட்டியல்

(சர்வதேச இளைஞர் முகாம் ஒன்றுக்குச் செல்லும் இரு மாணவர்களை வழியனுப்புவதையொட்டி நடந்த ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரை. செல்பேசிப் பதிவிலிருந்து எழுதப்பட்டு, பேசியவரால் திருத்தப்பட்டது.)

அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்று போட்டிருக்கிறார்கள். கவிதை எழுதுவது ராத்திரியில்தான். பகலில் நான் வங்கி எழுத்தர். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சலான் வாங்குகிறவன், பாஸ் புக்கில் வரவு செலவு பதிந்து கொடுக்கிறவன். இன்றைக்கு அந்த எழுத்தர்தான் பேசப் போகிறான். ஏனென்றால் நான் சொல்ல வந்தது ஒரு பட்டியலில் போட்ட டிக் குறியைப் பற்றி.

நம்ம இரவுப் பள்ளியில் படித்து வளர்ந்த ஒரு தங்கச்சியும் ஒரு தம்பியும் வர்ற கோடையில் ஜெர்மனியில் நடக்கிற ஒரு இளைஞர் முகாமுக்குப் போகிறார்கள். மூணு வாரம். பல தேசத்துப் பிள்ளைகள் ஒண்ணா இருந்து வேலை செய்வாங்க, பேசுவாங்க, ஒண்ணா சமைச்சுச் சாப்பிடுவாங்க. தலைமைப் பயிற்சியும் உண்டு. நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். காலையில் முதலில் பேசிய தோழர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 'போராடுகிற பிள்ளைகளைக் கூட்டிப்போய் சிரித்துக்கொண்டே கை குலுக்கப் பழக்குகிற இடம் அது' என்றார். அவருக்குப் பிறகு பேசிய அக்கா, 'நம்ம பிள்ளைக விமானம் ஏறும்போது மட்டும் ஏன் உங்களுக்குத் தத்துவம் ஞாபகம் வருது?' என்று கேட்டார். கைதட்டல் அக்காவுக்குத்தான். நானும் தட்டினேன். ஆனால் தோழர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

முதலில் இரண்டு வார்த்தைகள். ஒன்று, பரிமாற்றம். 'இளைஞர் பரிமாற்றம்' என்று நோட்டீசில் அடிக்கிறார்கள். நம்ம ஊரில் பரிமாறுவது என்றால் சோறு போடுவது. யார் எந்தப் பந்தியில் உட்காரலாம், யார் கையால் சோறு விழலாம், எச்சில் இலையை யார் எடுப்பது, மிஞ்சினதை யாருக்கு எந்தச் சட்டியில் ஊற்றுவது. இதற்குப் பேர்தான் நம்ம ஊரில் சாதி. ஆகவே யாராவது பரிமாற்றம் என்று சொன்னால் நாம் கேட்க வேண்டியது இதுதான்: பந்தியில் யார், இலை எடுப்பது யார்?

இரண்டாவது வார்த்தை, தொண்டு. கூலி வாங்காமல் விருப்பப்பட்டுச் செய்தால் தொண்டு. அதே வேலையைக் கூலி இல்லாமல் சாதியின் பேரால் செய்ய வைத்தால் அதற்கு வெட்டி, ஊழியம் என்று வேறு பேர். சாவு சொல்லப் போனது, செத்த மாட்டைத் தூக்கினது, திருவிழாவுக்கு முன்னால் ஊர்த் தெருவைக் கூட்டினது, எல்லாம் நம்ம தாத்தன் பாட்டி செய்த வேலை. அவர்களுக்கு யாரும் 'தன்னார்வத் தொண்டர்' என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒரே துடைப்பம்தான். ஒருவன் கையில் அது தியாகம், இன்னொருவன் கையில் தலையெழுத்து. முகாம் என்கிற விஷயத்தை நாம் இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, இந்த முகாம் எங்கிருந்து வந்தது?

முதல் உலகப் போரில், 1916ஆம் ஆண்டு, பிரான்சில் வெர்டன் என்ற இடத்தில் பத்து மாதம் சண்டை. பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் சேர்ந்து சுமார் 3 இலட்சம் பேர் செத்தார்கள். சுற்றி இருந்த கிராமங்கள் மண்ணோடு மண்ணாகப் போயின. சண்டை முடிந்த பிறகு 1920இல் பியர் செரெசோல் என்ற சுவிஸ் நாட்டு எஞ்சினியர் அங்கே ஒரு சிறு கூட்டத்தோடு போனார். சாதாரண வீட்டுப் பிள்ளை இல்லை அவர். அப்பா அந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். மகன் ராணுவ வரி கட்ட மாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனவர். அவர் கூட்டிப்போன ஆட்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். அதுதான் முக்கியம். இடித்தவன் நாட்டுக்காரன் வந்து கட்டித் தர வேண்டும், அதுவும் இடிபட்டவன் நாட்டுக்காரனோடு தோளோடு தோள் நின்று. பேச்சு வேண்டாம், வேலை செய்வோம் என்பதுதான் அவர்கள் கொள்கை. குளிர்காலத்தில் தற்காலிக வீடுகள் போட்டார்கள், பாதை சீர் செய்தார்கள்.

ஆனால் ஊர் அவர்களை ஏற்கவில்லை. ஜெர்மானியர்கள் இங்கே இருக்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. சில மாதங்களிலேயே, 1921இல், அந்த முகாம் முடிந்து போனது. செரெசோல் விடவில்லை. 1928இல் லீக்டன்ஸ்டைன் என்ற சின்ன நாட்டில் வெள்ளம் வந்தபோது பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தொண்டர்கள் போய்ச் சேறு அள்ளினார்கள். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இப்படித்தான் வளர்ந்தது. இப்படிப்பட்ட அமைப்புகளை ஒருங்கிணைக்க யுனெஸ்கோ ஆதரவோடு 1948இல் ஒரு குழுவும் ஏற்பட்டது.

இதே காலத்தில் வேறு வகைகளும் வந்தன. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற அமெரிக்கத் தொண்டர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் அமைப்புதான் 1947இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கிய ஏ.எஃப்.எஸ். 1951இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் டோரிஸ் ஆலன் என்ற உளவியலாளர், பல நாட்டுக் குழந்தைகளை ஒரு கிராமம் போலக் கூட்டிவைத்து வாழப் பழக்கினார். பதினோரு வயதுக் குழந்தைகள். பகை மனசில் ஊறுவதற்கு முன்னாலேயே ஒன்றாக விளையாடிப் பழகட்டும் என்பது அவர் எண்ணம். 1959இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இளைஞர்களுக்கான தலைமைப் பயிற்சி முகாம் ஆரம்பித்து, 1971இல் ரோட்டரிக்காரர்கள் அதை உலகம் முழுக்கத் தங்கள் திட்டமாக்கினார்கள். ஆக, வேலை செய்கிற முகாம், வீட்டில் தங்கிப் படிக்கிற பரிமாற்றம், தலைமைப் பயிற்சி முகாம் என்று மூன்று வகை. இப்போது இவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

வேலை முகாம் நடக்கிற விதம் ரொம்ப எளிது. இரண்டு மூன்று வாரம், பத்து இருபது பேர். முகாம் நடக்கிற ஊரில் உள்ள ஒரு அமைப்பு வேலையைக் கொடுக்கும், தங்க இடமும் சாப்பாடும் கொடுக்கும். கூலி கிடையாது. நீங்கள் உங்கள் நாட்டுக் கிளையில் விண்ணப்பம் போட்டால் அவர்கள் அந்த நாட்டுக் கிளைக்கு அனுப்புவார்கள். வழிச்செலவு உங்களுடையது. வழிநடத்த ஓரிருவர் இருப்பார்கள், அவர்களும் தொண்டர்கள்தான். சமையல், பாத்திரம் கழுவுதல், கழிப்பறை கழுவுதல் எல்லாம் முறை வைத்து எல்லாரும் செய்வது. நம்ம கல்லூரியில் என்.எஸ்.எஸ். இருக்கிறதே, 1969 செப்டம்பர் 24ஆம் தேதி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது, அதன் ஏழு நாள் கிராம முகாமும் ஏறக்குறைய இந்தச் சாயல்தான். உங்களில் பாதிப் பேர் போயிருப்பீங்க. ஒரு வித்தியாசம், என்.எஸ்.எஸ். முகாமில் கூட்டுவதற்கு நம்ம தெருவுக்குத்தான் வருவார்கள். ஏழாம் நாள் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்போது தோழர் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். இந்த முகாமின் வாசல் எவ்வளவு அகலம்?

வழிச்செலவு உங்களுடையது என்று சொன்னேன். ஒரு ஜெர்மன் மாணவி ஒரு கோடை விடுமுறையில் ஓட்டலில் தட்டு கழுவி இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். நம்ம தங்கச்சியின் அம்மா செங்கல் சூளையில் வருஷம் முழுக்க நின்றாலும் அந்தப் பணம் கையில் மிஞ்சாது. அய்ரோப்பிய விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். வங்கிக் கணக்கின் வரவு செலவு நகல் காட்ட வேண்டும். அந்தத் தங்கச்சி அந்த நகலுக்காக என் கவுண்டருக்குத்தான் வந்தாள். கணக்கில் வந்தது எல்லாம் அரசு உதவித்தொகை, போனது எல்லாம் விடுதிக் கட்டணம். மிச்சம் 3,412 ரூபாய். நான் சீல் வைத்துக் கொடுத்தேன். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, 'அண்ணே, இதைக் காட்டினா சிரிப்பாங்களா?' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அதற்கப்புறம்தான் நம்ம தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அழைக்கிற அமைப்பிடமும் எழுதி வாங்கி, இந்தப் பயணம் சாத்தியமானது.

வீட்டில் தங்குகிற பரிமாற்றத்தில் வாசல் இன்னும் குறுகல். உன் பிள்ளை அங்கே ஒரு வீட்டில் தங்கினால், அவர்கள் பிள்ளை இங்கே ஒரு வீட்டில் தங்க வேண்டும். அதுதான் கணக்கு. தனி அறை இருக்கா, கழிப்பறை எப்படி இருக்கு, வீட்டில் இங்கிலீஷ் பேசுவாங்களா என்று வந்து பார்ப்பார்கள். ஓட்டு வீட்டில் ஏழு பேர் படுத்திருக்கிற தெருவில் யார் எந்தப் பிள்ளைக்கு அறை ஒதுக்க முடியும்? ஆக, இந்தியாவிலிருந்து போகிற 'இந்தியப் பண்பாடு' பெரும்பாலும் தனி அறை உள்ள வீட்டுப் பண்பாடு.

வீட்டில் தங்க வைப்பது என்றதும் எனக்கு 1917ஆம் ஆண்டு ஞாபகம் வருகிறது. அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போனார். பிறகு லண்டன். தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே அந்த வருஷங்களில் மனசிலிருந்து போய்விட்டது என்று பின்னால் எழுதுகிறார். திரும்பி வந்து பரோடா ரயில் நிலையத்தில் இறங்குகிறார். எங்கே தங்குவது? இந்து விடுதியில் இடம் கிடைக்காது. பார்சி விடுதியில் பார்சிப் பேர் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஆட்கள் வந்து வெளியேறச் சொல்கிறார்கள். அந்த ஊரில் தெரிந்த நண்பர்கள் இரண்டு பேர், ஒரு இந்து, ஒரு கிறிஸ்தவர். இரண்டு பேர் வீட்டிலும் இடம் இல்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலேறிப் போனார். இதை அவர் எழுதின அந்தச் சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பேர். கடல் கடந்த ஊரில் தங்க இடம் கிடைத்தது, சொந்த ஊரில் இல்லை. வெளிநாட்டு முகாமுக்குப் போகிற நம்ம பிள்ளைகள் போவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும். கஷ்டம் போகும்போது மட்டும் இல்லை. திரும்பி வரும்போதுதான் இருக்கிறது.

இன்னொரு வருஷம், 1934. ஜனவரி 15ஆம் தேதி பீகாரில் பெரிய நிலநடுக்கம். பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அப்போது காந்தி நம்ம பக்கம் ஹரிஜன சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் பீகார் நிலநடுக்கம் என்று சொன்னார். தாகூர் இதை ஏற்கவில்லை, இது அறிவுக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாக எழுதினார். நான் கேட்கிற கேள்வி வேறு. பூமி ஆடினால் சேரிக் குடிசையும் சேர்ந்துதானே விழும்? தீண்டாமை செய்தவனுக்கும் தண்டனை, அனுபவித்தவனுக்கும் அதே தண்டனை என்றால் அது என்ன நியாயம்?

அந்தப் பீகாருக்குத்தான் செரெசோல் வந்தார். தண்டனை யாருக்கு என்று விவாதம் செய்யவில்லை, மண்வெட்டி எடுத்தார். 1934க்கும் 1937க்கும் இடையில் அவரும் சில தோழர்களும் முசாபர்பூர் பக்கத்தில் புதிய குடியிருப்புகள் கட்டுகிற வேலை செய்தார்கள். ஒரு தேசத்து ஜனாதிபதி மகன் பீகார் வெயிலில் மண் சுமக்கிறான். இதை நான் மதிக்கிறேன். ஆனால் மண்வெட்டியால் வீடு கட்டலாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உள்ள கோட்டை மண்வெட்டி மட்டும் அழிக்குமா? அதே காலத்தில், 1936இல், அம்பேத்கர் சாதி ஒழிப்பு பற்றி எழுதி, பேச விடாமல் தடுக்கப்பட்ட அந்த உரையில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி போகாது, சாதிக்குப் புனிதம் கொடுக்கிற இடத்தைத் தொட வேண்டும் என்கிறார். சமபந்தி போதாது. இதை முகாமுக்குப் பொருத்திப் பாருங்கள். பதினைந்து நாள் ஒன்றாகச் சாப்பிட்டோம், ஒன்றாகப் பாடினோம் என்பது போதாது.

ஏன் போதாது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் கதையைச் சொல்கிறேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

2010ஆம் ஆண்டு. நான் பி.ஏ. மூன்றாம் வருஷம். ஒரு மலையடிவாரத்தில் சர்வதேச இளைஞர் முகாம். நடத்தியவர்கள் பேர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள்தான். ஆறு நாட்டிலிருந்து இருபத்து நாலு பேர். ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் எழுப்புகிற வேலை. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று பேராசிரியர் ஒருவர் உள்ளூர்த் தொண்டராக அனுப்பி வைத்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் முறைப் பட்டியல் எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. பெரிய சார்ட் தாளில் கட்டம் போட்டு, சமையல், பாத்திரம், தண்ணீர், கழிப்பறை என்று எழுதி, நாலு குழுவாகப் பிரித்துச் சுவரில் ஒட்டினேன். வேலை முடிந்ததும் நான் போய்ப் பார்த்து டிக் போட வேண்டும்.

முதல் நாலு நாள் ஒழுங்காக நடந்தது. ஒரு ஜெர்மன் பெண், பெரிய படிப்புப் படிக்கிறவள், வாளியும் துடைப்பமுமாகப் போய்க் கழிப்பறை கழுவிவிட்டு வந்து சிரித்துக்கொண்டே கஞ்சி குடித்தாள். எனக்கு உலகமே மாறிப் போன மாதிரி இருந்தது. அன்று ராத்திரி ஒரு கவிதைகூட எழுதினேன். மோசமான கவிதை.

அய்ந்தாம் நாள், நகரங்களிலிருந்து வந்த நம்ம நாட்டு மாணவர்கள் சிலர் இருந்த குழுவுக்குக் கழிப்பறை முறை. அவர்கள் போகவில்லை. பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு அம்மா காய் நறுக்கவும் தண்ணீர் தூக்கவும் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு அய்ம்பது ரூபாய் கொடுத்துக் கழுவச் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்தேன். அந்த அம்மா வெளியே வந்து கை கழுவினதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன செய்தேன்? பட்டியலில் அந்தக் குழுவுக்கு நேராக டிக் போட்டேன். சுத்தமாக இருந்தது, டிக் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஜெர்மன் பெண் வந்து பட்டியலைப் பார்த்து, 'இன்றைக்கு இவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள்' என்றாள். நான் தலையாட்டினேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் 'உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?' என்று நம்ம நாட்டுப் பையன்கள் கேட்பார்கள். அடுத்த கேள்வி என் ஊர். அதற்கடுத்த கேள்வி என் தெரு. முதல் நாள் அறிமுகத்தில் நான் என் ஊர்ப் பேரைச் சொல்லாமல் 'மதுரை' என்று சொல்லியிருந்தேன். அந்த அம்மா ஒரு நாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்கள்: 'தம்பிக்கு எந்த ஊரு?' அவர்களிடமும் 'மதுரைங்க' என்றேன். 'மதுரையில எங்கனப்பா? எங்க அக்காள அந்தப் பக்கந்தான் குடுத்திருக்கு' என்றார்கள். 'டவுனுக்குள்ளதாங்க' என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர்கள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்திருக்கும். நம்ம ஆட்களுக்கு நம்ம ஆட்களைத் தெரியாதா?

ஒன்பதாம் நாள் அந்தக் குழு முறை மறுபடி வந்தது. மறுபடி அய்ம்பது ரூபாய். பதிமூன்றாம் நாள் யாரும் கூப்பிடவே இல்லை. யார் முறை என்றுகூடக் கேட்கவில்லை. அந்த அம்மா தானாகவே துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். ரூபாய் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை.

இதை யோசித்துப் பாருங்கள். சாதி எப்படி உண்டாகிறது என்று புத்தகம் புத்தகமாகப் படிக்கிறோம். நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு காகிதத்தில் எல்லாருக்கும் சமமாக எழுதி ஒட்டிய முறை, எட்டே நாளில் வழக்கமாகிப் போனது. முதல் நாள் காசு, அடுத்த தடவை பழக்கம், மூன்றாவது தடவை கடமை. வெட்டி இப்படித்தான் வந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை, எல்லாரும் 'அம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். தேவைப்பட்டது ஒரு டிக் மட்டும். அந்த டிக்கைப் போட்டவன் நான், ஒரு தலித். மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாது என்று 2013இல் இன்னொரு சட்டம். சட்டங்கள் இருக்கட்டும். முறைப் பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கடைசி நாள் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். என் சான்றிதழில் 'தலைமைப் பண்புக்காக' என்று தனியாக ஒரு வரி. 2012இல் வங்கி வேலைக்கான நேர்முகத் தேர்வில் அந்தச் சான்றிதழைக் காட்டினேன். வேலை கிடைத்தது. இன்றைக்கு என் கவுண்டரில் பணத்தை எண்ணாமல் ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் மெமோ வரும், வேலைகூடப் போகும். செய்யாத வேலைக்குச் செய்ததாக நான் போட்ட அந்த மூன்று டிக்குகளுக்கு இதுவரை யாரும் மெமோ கொடுக்கவில்லை. அதனால்தான் நானே இங்கே வந்து சொல்கிறேன்.

அப்படியென்றால் போக வேண்டாமா? போகணும். அந்த ஜெர்மன் பெண் வாளி எடுத்ததைப் பார்க்காமல் இருந்திருந்தால், நம்ம ஆட்கள் அதைத் தள்ளிவிட்டது எனக்குத் தப்பாகவே தெரிந்திருக்காது. இந்த வேலைக்கும் பிறப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதை வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது. ஒருத்தி செய்வதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. இது முகாம் கொடுக்கிற பெரிய விஷயம். தோழருக்கு என் பதில் இதுதான். முகாம் ஏமாற்று அல்ல, அரைகுறை. அதை முழுசாக்க வேண்டியது போகிறவர்கள்.

அந்தத் தங்கச்சிக்கும் தம்பிக்கும் சில விஷயங்கள் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. உங்களை யாரும் தயவு செய்து அனுப்பவில்லை. நம்ம ஆட்கள் போட்ட பணம் அது. கூச்சப்பட வேண்டியது அந்தக் கணக்கு நகலைக் கேட்கிற உலகம்தான், நீங்கள் இல்லை.

இரண்டு. அங்கே உங்கள் முறை வரும்போது செய்யுங்கள். ஆனால் உங்கள் முறையை மட்டும். அடுத்தவன் முறையை நீங்கள் எடுத்துச் செய்யாதீர்கள். நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாலு பேர் நிற்கிற இடத்தில் தட்டை நாமே எடுத்துவிடுவோம். நல்ல பேர் வாங்கணும் என்று தோன்றும். அந்த நல்ல பேரில்தான் ஆபத்து. யாராவது தன் முறையைச் செய்யாவிட்டால் கூட்டத்தில் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், தேதி சொல்லி, முறை சொல்லிச் சொல்லுங்கள்.

மூன்று. கலாச்சார நிகழ்ச்சி என்று ஒரு ராத்திரி வைப்பார்கள். இந்தியா சார்பில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். பறை அடிக்கத் தெரிந்தால் அடியுங்கள், தெரியாவிட்டால் வேண்டாம். காட்சிப் பொருளாக நிற்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. 'உங்கள் நாட்டில் இன்னும் சாதி இருக்கிறதா?' என்று கேட்டால், கூட வந்த நம்ம நாட்டுப் பிள்ளை முந்திக்கொண்டு 'இப்ப அதெல்லாம் இல்லை' என்று சொல்லும். சண்டை வேண்டாம். 'உன் வீட்டில் கழிப்பறை கழுவுவது யார்? அவர்கள் குடிக்கிற டம்ளர் எங்கே இருக்கும்?' என்று மட்டும் கேளுங்கள். எல்லாரும் கேட்கிற மாதிரி கேளுங்கள்.

நான்கு. அவர்களுடைய சேரியையும் பாருங்கள். அய்ரோப்பாவில் ரோமா, சிந்தி என்ற மக்கள் இருக்கிறார்கள். நாஜிகள் அவர்களை இலட்சக்கணக்கில் கொன்றார்கள். அவர்களுக்கு ஒரு நினைவிடம் பெர்லினில் 2012இல்தான் திறக்கப்பட்டது, போர் முடிந்து 67 வருஷம் கழித்து. முடிந்தால் போய்ப் பாருங்கள். முகாமில் இருக்கிறவர்களிடம் அந்த மக்களைப் பற்றிக் கேளுங்கள். நம்மைப் பற்றி அவர்கள் தெரிந்துகொள்வது மட்டும் பரிமாற்றம் இல்லை. அவர்கள் ஊரில் இலை எடுக்கிறவன் யார் என்று நாம் தெரிந்துகொள்வதும் பரிமாற்றம்தான்.

அய்ந்து. உங்கள் ஊர்ப் பேரைச் சொல்லுங்கள். முதல் நாளே சொல்லுங்கள். ஜில்லாத் தலைநகர் பேரைச் சொல்லாதீர்கள். உங்கள் ஊர், உங்கள் தெரு. நான் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஊரை மறைத்தவனால் பட்டியலைக் காப்பாற்ற முடியாது.

திரும்பி வந்ததும் ஒரு மாதத்துக்குள் இந்த இடத்தில் கணக்குச் சொல்லுங்கள். பணக் கணக்கு மட்டும் இல்லை, பார்த்த கணக்கு, செய்த கணக்கு, செய்யாமல் விட்ட கணக்கு எல்லாம்.

கடைசியாக நமக்கு. நாமும்தான் பயிற்சி முகாம் நடத்துகிறோம். ரெண்டு நாள், மூணு நாள். சாதி ஒழிப்பு, பெண் விடுதலை, எல்லாம் பேசுகிறோம். அந்த ரெண்டு நாளும் அடுப்படியில் யார் இருக்கிறார்கள்? பெண் தோழர்கள். நாம் பெண் விடுதலை பற்றிப் பேசுவதை அவர்கள் ஜன்னல் வழியாக, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறார்கள். டீ டம்ளரைக் குடித்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போகிறோம். யாரோ எடுத்துக் கழுவுகிறார்கள். யார் என்று எந்தத் தோழராவது திரும்பிப் பார்த்திருக்கிறீர்களா? நகரத்துப் பையன்களைச் சொன்னேனே, அவர்கள் அய்ம்பது ரூபாயாவது கொடுத்தார்கள்.

மதியச் சாப்பாடு தயாராகிவிட்டது என்று நினைக்கிறேன், வாசனை வருகிறது. ராத்திரி உட்கார்ந்து ஒரு சார்ட் தாளில் இன்றைக்குப் பேசுகிறவர்கள், வந்திருக்கிறவர்கள் எல்லாருக்கும் முறை போட்டு எழுதி வந்திருக்கிறேன். பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, இடத்தைக் கூட்டுவது, கழிப்பறை. காலையில் முதலில் பேசிய தோழருக்குப் பரிமாறுகிற வேலை. அடுப்படியில் இருக்கிற அக்காக்கள் முதல் பந்தி. கழிப்பறைக்கு நேராக முதல் பேர் என்னுடையது. டிக் போடுகிற பேனாவை நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. ஜெர்மனி போகிற தங்கச்சியிடம் கொடுக்கிறேன். அவள் போய்ப் பார்த்துவிட்டுப் போடட்டும்.